ஒன்றும் ஒன்றும்...

நான் பி.காம். சார்! எங்கள் கணக்கில் ஒன்றும் ஒன்றும் இரண்டு. பத்து பைசா டேலி ஆகாவிட்டாலும் ராத்திரி தூக்கம் வராது. ஆனால், இந்தக் கணக்கெல்லாம் மருந்து விஷயத்தில் எடுபடாது போலிருக்கிறது!

சிறுநீரகப் புற்றுநோய் முற்றி, நுரையீரல், எலும்பு என்று பரவிவிட்டால், வழக்கமான கீமோதெரபிக்கெல்லாம் அது லேசில் மசியாது. அமெரிக்காவில் 2006-ல் சுனிடினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. கட்டிக்குப் புதிதாக ரத்தக் குழாய் முளைக்க விடாமல் தடுத்து, பட்டினி போடுகிற மாத்திரை. பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்துக்கும் அதே வேலைதான், வழிதான் வேறு. 'இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?' என்று டாக்டர்களுக்கு ஓர் ஆசை. நியாயமான ஆசைதானே!

நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 25 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இது முதல் கட்டச் சோதனை. 'நோய் குணமாகுமா?' என்று கேட்பதற்கு முன்னால், 'உடம்பு எவ்வளவு தாங்கும்?' என்று கேட்கிற கட்டம். அதனால் மாத்திரையின் அளவை முதலில் சிலருக்கு 25 மில்லிகிராம், அடுத்த சிலருக்கு 37.5, அப்புறம் 50 என்று படிப்படியாக ஏற்றினார்கள்.

13 பேருக்குக் கட்டி நன்றாகவே சுருங்கியது. அடடா என்று கைதட்டப் போகிற நேரத்தில்... 15 பேருக்கு ரத்த அழுத்தம் கடுமையாக எகிறியது. 50 மில்லிகிராம் சாப்பிட்ட 12 பேரில் 5 பேருக்கு ரத்தச் சிவப்பணுக்களே உடைய ஆரம்பித்தன. மொத்தத்தில் 12 பேர் பக்க விளைவுகளால் பாதியிலேயே சிகிச்சையை நிறுத்த வேண்டியதாயிற்று. 2009-ல் முடிவு வெளியானது. இந்த ஜோடி சரிப்படாது!

அதற்காக ஜோடியே கூடாது என்றில்லை. பொருத்தம் பார்க்கணும், அவ்வளவுதான். ரத்தக் குழாயைத் தடுக்கும் ஆக்ஸிடினிப் மாத்திரையோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் பெம்ப்ரோலிசுமாப் ஊசியைச் சேர்த்தார்கள். ஆரம்பச் சோதனையில் 52 பேர். அதில் 73 சதவிகிதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. பெரிய சோதனையிலும் இந்த ஜோடி தேறி, 2019-ல் அமெரிக்க அனுமதியும் வாங்கிவிட்டது.

சரி, அந்த முதல் 25 பேரை எந்தப் பக்கத்தில் எழுதுவது? குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்காத சோதனைக்கு, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர்கள். எந்த இரண்டைச் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் உடம்புதான் சொல்லிக் கொடுத்தது.

நஷ்டக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை சார். வரவில்தான் வைத்திருக்கிறேன்!