கூரை மட்டும் போதுமா?

புது வீடு பார்க்கப் போனால் நாம் முதலில் எதைப் பார்ப்போம்? சமையலறை எந்தப் பக்கம், தண்ணீர் எப்போது வரும், குளியலறைக் கதவு சரியாகச் சாத்துகிறதா, இவற்றைத்தானே! நம்மவர் வாடகையைப் பேசி முடிப்பதற்குள் நம் கை தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிடும். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் வீட்டையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்தன. மண்டபம் முகாமில் பதிவு செய்து, பல மாவட்டங்களில் இருந்த முகாம்களுக்கு அவர்களை அனுப்பினார்கள். 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இருந்தும் இடமும் அரிசியும் மாதப் பணமும் கொடுத்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் தங்கிய இடம்? கொஞ்ச நாளைக்கென்று போட்ட பத்தடிக்குப் பத்தடி அறைகளிலேயே பல குடும்பங்களுக்கு முப்பது வருஷம் ஓடிவிட்டது. அடுப்பும் அங்கேதான், பாயும் அங்கேதான். வயசுக்கு வந்த மகள், புதிதாகக் கல்யாணமான மகன், மருமகள் எல்லோரும் அதற்குள்ளேதான். குறுக்கே கட்டிய ஒரு பழைய சேலைதான் சுவர்!

நான் போயிருந்த ஒரு முகாமில், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் சொன்னாள்: "பகல்ல தண்ணி குடிக்கிறதில்லை அக்கா. குடிச்சா அங்க போகவேணுமே. பொதுக் கக்கூசுக்குக் கதவு சரியில்லை."

பாலூட்டும் தாய் தண்ணீர் குடிக்கப் பயப்படலாமா? தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் தொற்றில் கொண்டுபோய் விடும் என்று எந்த டாக்டரும் சொல்வார். கர்ப்பிணிகளுக்கு அது சிறுநீரகம் வரை ஏறக்கூடிய ஆபத்து. ஒரு தாழ்ப்பாள் இல்லாததால் வருகிற வியாதி இது!

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 7,469 புது வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய் என மாத உதவியும் உயர்ந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 2023 செப்டம்பரில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. புது வீட்டில் சமையலறையும் கழிப்பறையும் உள்ளேயே உண்டு. "இப்ப எனக்கெண்டு ஒரு குசினி இருக்கு" என்று ஒரு பாட்டி சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னும் ஒரு குறை உண்டு. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. ஆகவே முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே தாயான பெண்ணும் சட்டத்தின் கண்ணில் வெளியூர்க்காரிதான். வீடு கிடைத்தது, 'இது என் ஊர்' என்ற நிம்மதி கிடைக்கவில்லை.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லைதான். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் முகாம் இருந்தால், பள்ளியில் அந்தப் பிள்ளைகளை 'அகதி' என்று கூப்பிடக் கூடாதென்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். 'எங்கள் தெருப் பக்கம் வீடு கட்டாதே' என்று யாராவது கிளம்பினால், அவர்களோடு சேராதீர்கள். மாதர் சங்கத்திலிருந்து குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதுகிறீர்களா? முகாமுக்கும் சேர்த்து எழுதுங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்பதையும் மறக்காமல் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆண்கள் எழுதும் மனுவில் அது விட்டுப்போகும்!