2501, 2502, 2500: இந்த ரீடிங் எங்கிருந்து வந்தது?

ஏதாவது ஒரு சீனியரோட பிசிக்ஸ் ரெக்கார்டை வாங்கி, ஜி.எம். கவுண்டர் எக்ஸ்பெரிமென்ட் இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்க. ஒரே வோல்டேஜில் மூணு தடவை எடுத்த கவுண்ட்: 2501, 2502, 2500. பக்கத்தில் ஒரு டிக். கிராஃபில் பிளாட்டோ, ஸ்கேல் வெச்சு இழுத்த கோடு மாதிரி நேரா போகும். பார்க்கவே அழகா இருக்கும்.

அழகா இருக்கிறதுதான் பிரச்சினை. ஓர் அணு எப்போ சிதையும்னு யாராலும் சொல்ல முடியாது. அது தற்செயலா நடக்கிற விஷயம். ஒரு நிமிஷத்தில் 2500 எண்ணினீங்கன்னா, அதோட வர்க்கமூலம் 50. அடுத்த நிமிஷம் 2441 வரலாம், 2563 வரலாம். மூணில் ரெண்டு பங்கு ரீடிங் 2450-க்கும் 2550-க்கும் நடுவில் விழும், மிச்சம் வெளியே போகும். சோர்ஸையும் தொடலை, வோல்டேஜையும் மாத்தலை, ஆனாலும் எண் ஆடும். ஆடணும். மூணு ரீடிங்கும் ஒன்றிரண்டு எண்ணுக்குள்ளே வந்து நின்னா, அது குழாயிலிருந்து வந்ததா, போன வருஷ நோட்டிலிருந்து வந்ததான்னு கேட்க வேண்டியிருக்கு. வெர்னியர் காலிப்பரில் காப்பி அடிச்சா கண்டுபிடிக்கிறது கஷ்டம். கைகர் கவுண்டரில் காப்பி அடிச்சா எண்களே காட்டிக்கொடுத்துடும்.

'மார்க்குக்காக எல்லாரும் செய்றதுதானே, இதுக்கு ஒரு கட்டுரையா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். லேபில் இருக்கிற அந்தச் சின்ன வட்டு சோர்ஸ் ரொம்ப பலவீனமானது; சொன்னபடி கையாண்டா அதால் யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. என் கவலை சோர்ஸைப் பற்றியதல்ல, நோட்டைப் பற்றியது. கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது. நமக்கு இருக்கிறது மீட்டர் காட்டும் எண்ணும், அதை எழுதி வைக்கும் நோட்டும் மட்டும்தான். ரெண்டில் எது பொய் சொன்னாலும் நாம் குருடர்கள்.

நோட்டு தவறினா என்ன ஆகும்னு தெரிய டெல்லி வரைக்கும் போகணும். 1968-இல் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை, கனடாவிலிருந்து ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை ஆராய்ச்சிக்காக வாங்கியது. உள்ளே கோபால்ட்-60. 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. வருஷக்கணக்கில் ஒரு மூலையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் மற்றப் பழைய சாமான்களோடு அதையும் ஏலத்தில் விட்டுட்டாங்க. மாயாபுரியில் இருந்த காயலான் கடைக்காரர்களுக்கு அது வெறும் கனமான ஈயம். உடைச்சாங்க. ஏப்ரலில் கடைக்காரர் ஒருவரின் தோல் கருத்து, முடி கொட்டி, ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான், டாக்டர்கள் சந்தேகப்பட்டு விஷயம் வெளியே வந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆட்கள் மீட்டரோடு அந்தச் சந்துக்குள் போனாங்க. பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒரு தொழிலாளி இறந்தே போனார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. கோபால்ட்-60 அரை ஆயுள் 5.27 வருஷம். 1968-லிருந்து 2010 வரை 42 வருஷம், அதாவது கிட்டத்தட்ட எட்டு அரை ஆயுள். வாங்கின அன்னைக்கு இருந்ததில் சுமார் 250-இல் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சம்தான் ஆளைக் கொன்றது. 'பழசுதானே, இந்நேரம் செத்திருக்கும்' என்று யாராவது சொன்னா, இந்தக் கணக்கை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க.

ஏலத்துக்கு முன்னாடி ஒரு ஆள் மீட்டரைக் காட்டியிருந்தா போதாதா? போதாது என்றுதான் நினைக்கிறேன். அந்த மாதிரிப் பெட்டியில் ஈயக் கவசம் அவ்வளவு தடிமனா இருக்கும். மூடியிருக்கும் வரை வெளியே பெரிசா ஒண்ணும் தெரியாது. உள்ளே என்ன இருக்குன்னு சொல்லியிருக்கக்கூடியது சோர்ஸ் ரிஜிஸ்டர் மட்டும்தான். எந்தப் பொருள், எந்த வருஷம் வந்தது, எவ்வளவு வீரியம், இப்போ எந்த அலமாரியில், யார் பொறுப்பு. ஆள் ரிடையர் ஆகலாம், துறைத்தலைவர் மாறலாம், ஆனா அந்த நோட்டு கை மாறிக் கை வந்துகொண்டே இருக்கணும்.

மீட்டரை நம்பும்போதும் கவனம் வேணும். கைகரும் முல்லரும் 1928-இல் உருவாக்கிய குழாய் ரொம்ப எளிமையானது. உள்ளே கொஞ்சம் ஆர்கான் மாதிரி வாயு, நடுவில் ஒரு கம்பி, மேலே நூற்றுக்கணக்கான வோல்ட். ஒரு துகள் உள்ளே வந்தா ஒரு துடிப்பு, அவ்வளவுதான். வந்தது சீசியமா கோபால்ட்டான்னு அதற்குத் தெரியாது. அதற்கு சோடியம் அயோடைடு டிடெக்டர் வேணும், அதில் சீசியம்-137 என்றால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு மேடு எழும்பும். ஜி.எம். குழாயின் இன்னொரு குணம்தான் ஆபத்தானது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அது கொஞ்ச நேரம் செயலற்றுப் போகும். கதிர்வீச்சு மிக அதிகமான இடத்தில் அது எழுந்திருக்கவே நேரம் கிடைக்காம, சில பழைய மீட்டர்கள் பூஜ்யத்தைக் கூடக் காட்டும். பேட்டரி தீர்ந்தாலும் பூஜ்யம்தான். ஆக, பூஜ்யம் நல்ல செய்தி இல்லை. விண்வெளியிலிருந்து வருவது, சுவரில் இருக்கும் கல்லிலிருந்து வருவது, ஏன், நம்ம உடம்பிலேயே நொடிக்கு சுமார் 4,000 பொட்டாசியம்-40 அணுக்கள் சிதையுது. உயிரோட இருக்கிற மீட்டர் எங்கே வெச்சாலும் கொஞ்சமாவது 'டிக்' அடிக்கணும்.

நம்மில் நாலு பேராவது நாளைக்குக் கதிர்வீச்சு பக்கத்தில் வேலை பார்ப்போம். மெக்கானிக்கல் நண்பர்களே, பாய்லர் வெல்டிங்கைச் சோதிக்கும் ரேடியோகிராஃபியில் இரிடியம்-192 வரும். இன்ஸ்ட்ருமென்டேஷன்காரங்க சிமென்ட் ஆலைக்குப் போனா, தொட்டி மட்டம் பார்க்கும் கருவியில் சீசியம் இருக்கலாம். அங்கே ஷிஃப்ட் முடிவில் 'சோர்ஸ் பெட்டிக்குள் திரும்பிடுச்சு' என்று மீட்டரைப் பார்த்து எழுதப் போறது நீங்க. பார்க்காமலே நேத்து எழுதினதை இன்னைக்கும் எழுதும் பழக்கம் அங்கே போய்த் தொடங்குவதில்லை, இந்த ரெக்கார்டில்தான் தொடங்குது.

அதனால் ஸ்டாஃபுக்கு ஒரு கோரிக்கை: ரீடிங் ஆடினா மார்க் குறைக்காதீங்க சார். ஆடாத ரீடிங்கைத்தான் 'மறுபடி எடு' என்று திருப்பி அனுப்பணும். பிளாட்டோவில் ஒரே வோல்டேஜில் பத்து ரீடிங் எடுக்க வைத்து, எத்தனை வர்க்கமூலத்துக்குள் விழுந்ததுன்னு எண்ணச் சொல்லுங்க. அந்த ஒரு பக்கத்துக்கே பாதி மார்க் தரலாம்.

உங்களிடம் கேட்பது இன்னும் சுலபம். அடுத்த லேப் வகுப்பில் சோர்ஸை வெளியே எடுக்கும் முன், சும்மா பத்து நிமிஷம் பின்னணிக் கவுண்ட் எடுங்க. அந்தப் பத்து நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும்போது, லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் சோர்ஸ் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்க. கடைசியா அதில் யார் கையெழுத்துப் போட்டிருக்காங்க, எந்தத் தேதியில்னு பாருங்க.