கணிப்பீடா? தீர்ப்பா?
வன்னிச் சிறாரின் எழுத்திடரும் பாடசாலைத் தரநிலைகளும்

நமது கல்வித்துறை ஆவணங்கள் இரு சொற்களை வேறுபடுத்தி ஆள்கின்றன. ஒன்று கணிப்பீடு, மற்றையது மதிப்பீடு. கற்றல் நிகழும்போதே பிள்ளை எந்நிலையில் நிற்கின்றது, அதற்கு அடுத்து யாது செய்தல் வேண்டும் என அறிவது கணிப்பீடு. கற்றலின் முடிவிலே பெற்ற பேற்றின் பெறுமதியை உரைப்பது மதிப்பீடு. ஏட்டளவில் இவ்வேறுபாடு தெளிவானதே. ஆயின், வன்னிப் பெருநிலப்பரப்பிலே இவ்விரண்டையும் விழுங்கிய மூன்றாவதொன்றே நடைமுறையில் உள்ளது. அது தீர்ப்பு. தேர்ச்சி அறிக்கையிற் பதியப்படும் எண், பிள்ளையின் தேவையைக் கூறுவதாகக் கொள்ளப்படுவதில்லை. பிள்ளை யார் என்பதையே கூறிவிடுவதாகக் கொள்ளப்படுகின்றது. இத்தீர்ப்பினால் மிகுதியும் தண்டிக்கப்படுவோர், அறிந்ததை எழுத இயலாது இடர்ப்படும் சிறாரே. இத்தண்டனை அநீதியானது என்பதே ஈண்டு எமது வாதம்.

1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. முதலிரு தரங்கள் முதல் நிலை. மூன்றாம், நான்காம் தரங்கள் இரண்டாம் நிலை. ஐந்தாம் தரம் மூன்றாம் நிலை. முதல் நிலையில் விளையாட்டுக்கு முதன்மை, இரண்டாம் நிலையில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்றுக்கும் சம இடம், இறுதியில் மேசை வேலை மேலோங்கும். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளும் வகுக்கப்பட்டன. அடையாத தேர்ச்சியைக் கண்டறிந்து பரிகாரக் கற்பித்தல் செய்க என்பதே அதன் உட்கிடை. ஆயின் நாம் செய்வது யாது? மேசை வேலை பெருகும் மூன்றாந் தரத்திலே பிள்ளை தடுமாறத் தொடங்குகின்றது. தடுமாற்றத்தின் காரணத்தை நாடாது, "மெல்லக் கற்பவர்" என்று எழுதி வைக்கின்றோம். எழுதாதவிடத்து "மொக்கு" என வாயாற் சொல்லி விடுகின்றோம்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். இரணைமடுக் குளத்தின் வான் எப்போது பாயும், துருசு ஏன் திறக்கப்படுகின்றது, காலபோகத்திற்கும் சிறுபோகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது என வினவினால், கிளிநொச்சியின் கமக்காரர் வீட்டுப் பிள்ளை தயங்காது விடை கூறும். அதே வினாவைத் தாளிற் கொடுத்தால், சொற்கள் சிதைந்த இரண்டு வரிகளே கிடைக்கும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்திலே அப்பிள்ளைக்கு முப்பது புள்ளி இடப்படுகின்றது. அம்முப்பது எதனை அளந்தது? சுற்றாடல் அறிவையா, கையின் வேகத்தையா, எழுத்துக்கூட்டலையா? ஒரே தடுமாற்றத்திற்காகத் தமிழிலும் சுற்றாடலிலும் சமயத்திலும் திரும்பத் திரும்பப் புள்ளி குறைப்பது அளவை அன்று. ஒரு குற்றத்துக்குப் பல தண்டனை.

தமிழ் ஒலித்தவாறே எழுதப்படும் மொழி. ஆதலின் இதனை எழுதத் தடுமாறுவோர் சோம்பேறிகளே என்பார் உளர். இக்கூற்று மொழியறிவின்பாற்பட்டதன்று. 247 எழுத்துகளைச் சிறிதளவான வடிவங்களைக் கொண்டே ஆக்குகின்றோம் என்பது மெய்யே. ஆனால் "கெ" என்பதிற் பின்னர் ஒலிக்கும் உயிருக்குரிய கொம்பு முன்னர் நிற்கின்றது. "கொ" என்பதிலோ குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும், னகர, ணகர, நகரங்களும் நமது அன்றாடப் பேச்சில் முழுமையாக வேறுபடுவதில்லை. செவி வேறுபடுத்தாததைக் கை வேறுபடுத்த வேண்டியுள்ளது. "இருக்குது" என்று பேசும் பிள்ளை "இருக்கிறது" என எழுத வேண்டும். கொம்பை இடம் மாற்றும் பிள்ளைக்கும், ளகர ழகரம் மயங்கும் பிள்ளைக்கும், பேச்சு வடிவத்தையே எழுதும் பிள்ளைக்கும், எழுத்தறிந்தும் விரல்கள் இசையாத பிள்ளைக்கும் தேவைப்படும் உதவிகள் வெவ்வேறானவை. நால்வரின் கொப்பியிலும் ஒரே சிவப்புக் கோட்டை இழுக்கும் ஆசிரியர் பிழையைக் கண்டாரேயன்றிப் பிள்ளையைக் கண்டாரல்லர்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சலுகை நோயும் அன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், அறிவிற் குறையாத, ஆனால் எழுத்தை வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாக அமைந்திருப்பின் அவனே முதன்மை பெற்றிருப்பான் என அவனது ஆசிரியர் கருதியதையும் பதிவு செய்தார். நூற்றாண்டு கடந்த இவ்வுண்மை நமது ஆசிரியர் அறைகளை இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை.

எட்டாமைக்கு வன்னியிலே சிறப்பான காரணம் ஒன்றுண்டு. போர் என்னும் விடை எமக்கு எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றது. 2008இன் பிற்பகுதியிற் கிளிநொச்சி வெறுமையானது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. செட்டிகுளத்து முகாம்கள் 2012 வரை நீடித்தன. கல்வி குலைந்தது மறுக்கவொண்ணா வரலாறு. ஆயினும், 2025இற் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளை ஏறத்தாழ 2015இற் பிறந்தது. அதன் இழப்பு வேறு: 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் 2021இலும் நீண்ட காலம் மூடிக்கிடந்தமையால், கைத்தொலைபேசி இல்லாத வீடுகளில் அரிச்சுவடியே தவறிப்போயிற்று. இவை யாவும் ஒரு வகுப்பு முழுவதும் ஏன் பின்தங்கியது என்பதை விளக்கும். அவ்வகுப்பிலே, ஏனையோருடன் ஒன்றாகக் கற்று, அவர்களினும் நன்றாகப் பேசி, எழுத்தில் மட்டும் தொடர்ந்து விழும் ஒரு பிள்ளையை அவை விளக்கா. பொதுத் துயரைக் காட்டித் தனித் துயரை மறைப்பது இரக்கம் போலத் தோன்றும் அலட்சியமாகும்.

இவ்வலட்சியத்திற்கு வர்க்கச் சார்பும் உண்டு. கொழும்பில் வசதி படைத்த பெற்றோர் தம் பிள்ளையை உளவியலாளரிடம் கொண்டுசென்று இடரின் பெயரை அறிந்து வருவர். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைப்பது பெயரன்று, வசை. ஏழைப் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கென அமைந்த புலமைப்பரிசில் பரீட்சையோ, வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் படங்களைப் பாடசாலை வாயிலிற் பதாகையாக்கும் திருவிழாவாயிற்று. ஏனையோர் பத்து வயதிலேயே தோற்றவர் ஆகின்றனர்.

சலுகை வழங்கின் தராதரம் தாழும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். பார்வையற்ற பரீட்சார்த்திக்குப் பிரெய்ல் வினாத்தாள் வழங்குகின்றோம். அதனால் எத்தராதரம் தாழ்ந்தது? பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியார் யாழ்ப்பாணத்துப் பரராசசேகரனிடம் பரிசில் பெற்றார் என்பது மரபு. நன்னூலார் மாணாக்கரை அன்னம் முதலாக நெய்யரி ஈறாகத் தரம் பிரித்தபோது, கொள்வதையும் விடுவதையும் கருதினாரேயன்றிக் கையெழுத்தைக் கருதினாரல்லர். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். செவியாற் கற்று வாயால் உரைப்பதை அறிவென ஏற்ற மரபுக்கு உரியோர், எழுதாத விடையை விடையே அன்று என்பது விந்தையிலும் விந்தை.

இலங்கை 1996இன் 28ஆம் இலக்கச் சட்டத்தால் வலுவிழந்தோரின் உரிமைகளை ஏற்றது. 2016இல் அவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. ஆதலின் யாம் கேட்பது கருணையன்று. பாடசாலையின் கையிலுள்ள கணிப்பீடுகளில், எழுத இடர்ப்படும் பிள்ளையின் விடையை வாய்மொழியாகவும் ஏற்றல் வேண்டும். தேர்ச்சி அறிக்கையிலே பாட அறிவும் எழுத்துத் திறனும் தனித்தனியே பதியப்படல் வேண்டும். பிழைகளின் வகையை அறியும் பயிற்சி, வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர் ஒவ்வொருவர்க்கும் கட்டாயமாதல் வேண்டும். பெற்றோர், எத்தனை புள்ளி என்பதோடு நில்லாது, "என் பிள்ளை வாயாற் சொன்னால் விளங்குகின்றதா? எவ்வகைப் பிழை விடுகின்றது? அடுத்த தவணையில் என்ன செய்யப் போகின்றீர்கள்?" என ஆசிரியரை வினவுதல் வேண்டும். பல தரங்களை ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது சுமையே. அச்சுமையைக் குறைக்க ஆளணி கேட்டுப் போராடுதல் ஆசிரியர் சங்கங்களின் கடன். பிள்ளையின் மீது அதனை இறக்கி வைத்தல் எவர்க்கும் உரிமையன்று.

பல்கலைக்கழகத்தார்க்கும் இதிற் பொறுப்புண்டு. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னிச் சிறாரின் எழுத்துப் பிழைகளைத் திரட்டி, ஈழத்துப் பேச்சுத் தமிழின் இயல்பறிந்து வகைப்படுத்தி, ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஆளத்தக்க தமிழ்க் கணிப்பீட்டுக் கருவியொன்றை ஆக்குதல் மொழியியலாரும் கல்வியியலாரும் கூடிச் செய்யத்தக்க பணி. ஆங்கிலச் சிறாருக்கென ஆக்கியதை மொழிபெயர்த்துத் தருவது போதாது. எழுத்தாற் பரீட்சை வென்று இவ்விடம் வந்து சேர்ந்தோர் நாம். எழுத்து எவருக்கு வாயிலாகாது மதிலாயிற்றோ, அவருக்காக எழுத வேண்டியோரும் நாமே.