குறுக்குவழி குற்றமல்ல



சில வாரங்களுக்கு முன் நமது ஆலயத்தில் ஓர் அடக்க ஆராதனை நடைபெற்றது. ஆராதனை நான்கு மணிக்கு. மூன்று மணியாகியும் ஆராதனை முறைமைத் தாள் அச்சாகவில்லை. அலுவலகக் கணினியோ, என்றோ கழற்றி வைக்கப்பட்ட பழைய பிரிண்டருக்கே அதை அனுப்பிக்கொண்டிருந்தது. சரிசெய்யத் தெரிந்த ஒரே வாலிபர் எண்ணூரில் பகல் ஷிப்டில் இருந்தார். வேலையிடத்திற்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. தகப்பனாருக்குப் பிரியமான பாடல்களைத் தெரிந்தெடுத்திருந்த பிள்ளைகள், கையில் தாளின்றி, பாட முடியாமல் நின்றார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க இயலவில்லை.

மறுநாள் அவர் வந்து அரை நிமிடத்தில் சரிசெய்தார். அவர்மேல் குறையில்லை. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வழியை நம்பி ஒரு சபையே இருந்ததுதான் குறை.

நான் பிரசங்க பீடத்தில் குறுக்குவழிகளைப் பலமுறை கண்டித்தவன். ஆயினும், உழைப்பைத் தவிர்க்கும் குறுக்குவழி வேறு. அலைச்சலைத் தவிர்க்கும் குறுக்குவழி வேறு. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில், சந்து வழியாக இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் சேருகிறவரை நாம் குற்றவாளி என்பதில்லை. அந்தச் சந்தைப் பிறருக்குச் சொல்லாதவரைக் குறித்தே வருத்தப்படவேண்டும்.

கணினியிலும் அப்படியே. விண்டோஸ் கணினியின் முகப்புத் திரையில் வெற்றிடத்தில் வலப்பக்க பட்டனை அழுத்தி, ‘நியூ’, பிறகு ‘ஷார்ட்கட்’ என்பதைத் தெரிந்தெடுங்கள். இடத்தைக் கேட்கும் பெட்டியில் ஆங்கிலத்தில், இடைவெளியின்றி, ‘எம்எஸ்-செட்டிங்ஸ்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ‘பிரிண்டர்ஸ்’ என்று சேர்த்தால், பிரிண்டர் அமைப்புப் பக்கத்திற்கு நேரே செல்லும் படம் திரையில் வந்துவிடும். கடைசிச் சொல்லை மாற்றி ‘டிஸ்ப்ளே’ என்றால் எழுத்தின் அளவையும் புரொஜெக்டர் இணைப்பையும் சரிசெய்யும் பக்கம். ‘சவுண்ட்’ என்றால் ஒலி. இந்த மூன்றும் நம் அலுவலகத்திற்குப் போதும். இருபது படங்களை நிரப்பினால் அதுவே புதிய குழப்பமாகிவிடும்.

இதில் முக்கியமானது பெயர். ஷார்ட்கட்டுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். “தாள் அச்சாகாவிட்டால்”, “எழுத்தைப் பெரிதாக்க”, “சத்தம் வராவிட்டால்” என்று எழுதிவையுங்கள். ஆங்கிலப் பட்டியல்களைக் கண்டு தயங்கும் நம் கோயில்பிள்ளை ஐயாவும் அதைத் தாமே திறப்பார்.

“முழு வழியையும் கற்றுக்கொள்ளட்டுமே” என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான சொல்தான். ஆனால் அந்த முழு வழியே நிலையாக நிற்பதில்லை. பழைய ‘கன்ட்ரோல் பேனலில்’ இருந்தவை, 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல் ஒவ்வொன்றாகப் புதிய ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. சிரமப்பட்டு மனப்பாடம் செய்த முதியவர், அடுத்த கணினியில் மறுபடியும் வழிதெரியாமல் நிற்கிறார். அறுபது வயதைக் கடந்தவருக்கு நாம் வைக்கவேண்டியது பரீட்சையல்ல, கைப்பிடி.

வாலிபப் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் அம்மாவோ தாத்தாவோ “இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடு” என்று அழைக்கும்போது, சலிப்புடன் நான்கு கிளிக் செய்துவிட்டு எழுந்து போகாதிருங்கள். கூட ஒரு நிமிடம் அமர்ந்து அந்த ஷார்ட்கட்டை உண்டாக்கி, பெயரிட்டு, அவர்கள் கையாலேயே ஒருமுறை திறக்கச் செய்யுங்கள். மறுமுறை நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியிராது.

பெரியவர்களே, கேட்க வெட்கப்படாதிருங்கள். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் அலுவலகக் கணினியில் இந்த மூன்று படங்களையும் வைக்கப்போகிறோம். அதைக் கற்றுக்கொள்ள முதலில் அமரப்போகிறவன் உங்கள் போதகனாகிய நானே.