பதினான்கு மணி நேரம் என்னும் பொய்

சி.ஏ. தேர்வு முடிவு வந்த அன்று ரேங்க் எடுத்தவரிடம் மைக்கை நீட்டுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தீர்கள்? பன்னிரண்டு என்கிறார் ஒருவர். பதினான்கு என்கிறார் இன்னொருவர். அந்த எண் பயிற்சி மையத்தின் பிளெக்ஸில் ஏறுகிறது, வீடியோவுக்குத் தலைப்பாகிறது, அடுத்த அட்டெம்ப்டுக்குத் தயாராகும் பிள்ளைகளின் டெலிகிராம் குழுவில் சட்டமாகிறது. இரவு பதினொரு மணிக்கு ஆளாளுக்கு ஸ்டாப்வாட்ச் படத்தைப் போடுகிறார்கள். இன்று 11.40. இன்று 12.05, நாளை 13-ஐத் தொட வேண்டும். எந்தக் கணக்கைப் போட்டாய், விடை வந்ததா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

படித்த நேரத்தைக் குறித்துவைத்தால் ஒழுங்கு வரும், ஒழுங்கு வந்தால் தேர்ச்சி வரும் என்பதை இன்று ஆசிரியர், பெற்றோர், மாணவர் எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சி.எம்.ஏ., சி.எஸ்., சி.எஃப்.ஏ. என்று எந்தத் தேர்வை எடுத்தாலும் இதே பேச்சுதான். இந்த நம்பிக்கை தவறு. பயனில்லாத பழக்கம், போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளையை மோசமாகப் படிக்கும் வழிக்கு அது தள்ளிக்கொண்டு போகிறது.

சி.ஏ. ஃபைனலின் முதல் தாள் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங். அதில் ஒரு கன்சாலிடேஷன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் நிறுவனம் துணை நிறுவனத்தின் 80 சதவீதப் பங்குகளை ஆண்டின் நடுவில் வாங்குகிறது. வாங்குவதற்கு முந்தைய லாபத்தையும் பிந்தைய லாபத்தையும் பிரிக்க வேண்டும். குட்வில் எவ்வளவு என்று காண வேண்டும். மீதி 20 சதவீதத்தாரின் பங்கைத் தனியே காட்ட வேண்டும். ஒரு நிறுவனம் மற்றதற்கு விற்று, இன்னும் கிடங்கிலேயே கிடக்கும் சரக்கில் ஏற்றிவைத்த லாபத்தைக் கழிக்க வேண்டும். தீர்வை மூடிவைத்துவிட்டு, வெள்ளைத் தாளில், ஒர்க்கிங் நோட்டோடு இதை எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆகலாம். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது. எங்கே பிசகியது என்று தேட இன்னும் இருபது நிமிடம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் தலை கனத்துவிடும். ஒரு நாளில் இப்படி நான்கு மணி நேரம் உழைத்தாலே அது பெரிய உழைப்பு.

இதே தாளுக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோ வகுப்புகள் இருக்கின்றன. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஆசிரியர் போடும் கணக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கலாம். தீர்வுப் பக்கத்தில் மஞ்சள் மார்க்கரை ஓட்டலாம். ஏற்கெனவே எழுதிய குறிப்பை வேறு வண்ணத்தில் மறுபடி எழுதலாம். இவற்றைப் பன்னிரண்டு மணி நேரம்கூடச் செய்ய முடியும், ஏனென்றால் எங்கேயும் தப்பாக வாய்ப்பே இல்லை. ஸ்டாப்வாட்சுக்கு இந்த மணியும் அந்த மணியும் ஒன்று. மணியைத் துரத்தும் பிள்ளையால் கடினமான வேலையில் ஆறு, ஏழு என்று போக முடியாது. ஆகவே தானே அறியாமல் சுலபமான வேலைக்கு நகர்ந்துவிடுகிறது. எண் ஏறுகிறது. கை எழுதப் பழகுவதே இல்லை. என் கண்டனத்தின் மையம் இதுதான்: மணிக்கணக்கு சோம்பேறியைத் திருத்துவதைவிட, உழைக்கிறவனின் உழைப்பைத் திசைமாற்றுவதே அதிகம்.

இது என் ஊகம் மட்டுமல்ல. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில் ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் முதலில் படித்துவிட்டு, மீதி நேரத்தில் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது. படித்தவர்களுக்குச் சுமார் 40. இதில் என்னை அதிகம் உலுக்குவது வேறொன்று. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பப் படித்த பிரிவினர். பன்னிரண்டு மணி நேரம் படித்த இரவில் வரும் திருப்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

மணிக்கணக்கின் ஆதரவாளர்கள் "பத்தாயிரம் மணி நேரம்" என்ற மந்திரத்தைச் சொல்வார்கள். 2008-ல் மால்கம் கிளாட்வெல் எழுதிய புத்தகம் அதைப் பிரபலமாக்கியது. அதற்கு அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்டது ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993-ல் வெளியிட்ட ஆய்வு. தன் ஆய்வை இப்படிச் சுருக்கியதை எரிக்சனே பின்னர் மறுத்தார். அந்த ஆய்வில் மிகச் சிறந்த மாணவர்கள் தனியாகப் பயிற்சி செய்தது சராசரியாக ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம்தான். இடையிடையே ஓய்வெடுத்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள். அதே எரிக்சன் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 2005-ல் வந்தது. கல்லூரி மாணவர்கள் படிக்கும் நேரத்தின் அளவை மட்டும் வைத்து அவர்களுடைய மதிப்பெண்ணைக் கணிக்க முடியாது என்பது அதன் முடிவு. எங்கே உட்கார்ந்து, எவ்வளவு கவனச்சிதறல் இல்லாமல் படித்தார்கள் என்பது அதில் முக்கியமாக நின்றது. பிளெக்ஸ் அடிப்பவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சி.ஏ. தேர்வின் விதிமுறையே மணிக்கணக்குக்கு எதிராக இருக்கிறது. ஒரு குரூப் தேற ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஃபைனலில் ஒரு குரூப்புக்கு மூன்று தாள், 300 மதிப்பெண். ஒருவர் 58, 59, 38 வாங்கினால் கூட்டுத்தொகை 155. தேவையான 150-ஐத் தாண்டிவிட்டார், ஆனாலும் குரூப் போய்விட்டது. எந்தத் தாளிலும் 60 இல்லாததால் எக்ஸெம்ப்ஷனும் கிடையாது. மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். ஆக இந்தத் தேர்வில் தலையெழுத்தைத் தீர்மானிப்பது பலவீனமான தாள். மணிக்கணக்கோ எல்லாவற்றையும் ஒரே தொகையாக்கிக் காட்டுகிறது. ஆடிட் பிடிக்காத பிள்ளை கணக்கியலில் ஏழு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இன்றைய நாள் நன்றாகப் போனது என்று குறித்துக்கொள்கிறது. தாள்வாரியாகக் குறித்தால் போதுமே என்பார்கள். போதாது. ஆடிட்டிங் ஸ்டாண்டர்டுகளை மூன்று மணி நேரம் வாசித்தேன் என்ற குறிப்பு, நடைமுறைச் சிக்கல் ஒன்றைக் கொடுத்தால் எந்த ஸ்டாண்டர்டு பொருந்தும், ஏன் என்று அரைப் பக்கம் எழுத வருமா என்பதைச் சொல்லாது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆறு மணி நேரம் படித்ததாக நம்பிக்கொண்டிருப்பவர் ஒரு வாரம் நேர்மையாகக் குறித்துப் பார்த்தால் மூன்று மணிதான் தேறும், மீதியைக் கைபேசி தின்றிருக்கும். அந்த அதிர்ச்சி தேவையானது. சி.எஃப்.ஏ. தேர்வில் ஒரு நிலைக்குச் சுமார் 300 மணி நேரம் ஆகும் என்று சொல்லப்படுவதும் திட்டமிடுகிறவருக்கு உதவும். கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பை உடைக்கும். ஒரு வாரம் குறியுங்கள், எங்கே ஓட்டை என்று பாருங்கள், அடையுங்கள், அந்த நோட்டை மூடிவிடுங்கள். தினசரி ஸ்கோர்போர்டாக அதை மாட்டிவைக்கும்போதுதான், அந்த எண்ணைக் காப்பாற்றுவதே படிப்பின் வேலையாகிவிடுகிறது.

அந்த எண் செய்யும் கொடுமை படிக்கிற முறையோடு நிற்பதில்லை. ரேங்க் எடுத்தவர்களில் பலர் ஃபைனலுக்கு முன் வேறு வேலையில்லாமல் சில மாதங்கள் முழுநேரமாகப் படிக்க முடிந்தவர்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குரூப் நின்றுபோய், வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டு, ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! மே மாதம் தேர்வு என்றால் ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட். செப்டம்பரில், அந்த மாதக் கடைசி டாக்ஸ் ஆடிட் கெடுவுக்காக அலுவலகம் இரவு வரை ஓடும். வீடு திரும்பி, பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் சமையலறையையும் முடித்துவிட்டு உட்காரும்போது கையில் இருப்பது இரண்டு மணி நேரம். குழுவைத் திறந்தால் 12.05. எனக்கு இது ஆகாது என்று அந்த இடத்திலேயே மனம் விட்டுப்போகிறது. தோற்றவர்களும் பதினான்கு மணி நேரம் படித்தார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. தோற்றவரிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லையே.

தோல்வி வந்தால் இந்த நம்பிக்கை தரும் மருந்து ஒன்றே ஒன்று: இன்னும் கொஞ்ச நேரம். தூக்கத்தில் ஒரு மணி வெட்டு, ஞாயிற்றுக்கிழமையை வெட்டு. முடிவு வந்தபின் விண்ணப்பித்தால் நம் விடைத்தாளின் சான்றளித்த நகல் கிடைக்கிறது. அதை வாங்கி நிதானமாகப் புரட்டிப் பார்த்தால் காரணங்கள் வேறாக இருக்கும். பதினான்கு மதிப்பெண் கேள்வி ஒன்று தொடப்படாமலே கிடக்கும், நேரம் போதாததால். விடை சரியாக இருந்தும் ஒர்க்கிங் நோட் இருக்காது. ஃபைனான்ஸ் ஆக்ட் திருத்தத்துக்கு முந்தைய விதியை வைத்து வரி கணக்கிட்டிருக்கும். பெரும்பாலான தாள்களில் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லாத தேர்வில், கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகாதவரை இன்னும் நூறு மணி நேர வாசிப்பு காப்பாற்றாது.

குறிப்பேடு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். அதில் இன்று தீர்வைப் பார்க்காமல் போட்ட கணக்குகள், கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண், தப்பிய இடம், தப்பிய காரணம் இருக்கட்டும். பத்து நாள் கழித்து அதே கணக்கு வந்ததா என்பதும் இருக்கட்டும். இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற ஆடிட் அலுவலகப் பெண்ணின் ஏட்டிலும் இதை எழுத முடியும். முழுநாள் கிடைக்கிற பையனின் ஏட்டைவிட அது கனமாகவும் இருக்கலாம். மாதிரித் தாள்களை, ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்களை, பழைய கேள்விகளின் விடைகளை சி.ஏ. இன்ஸ்டிடியூட்டே இலவசமாக வெளியிடுகிறது. இல்லாதது, எழுதிய தாளை வரிவரியாகப் படித்து இங்கே இரண்டு மதிப்பெண் போனது, இதனால் போனது என்று சொல்லும் ஆள். ஐம்பது மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கிலாவது அப்படித் திருத்துகிறவர்களைச் சம்பளம் கொடுத்து வைக்கட்டும் பயிற்சி மையங்கள். பிளெக்ஸுக்குப் போகிற பணத்திலிருந்தே தொடங்கலாம்.