முகவரி அறிந்து செல்லும் நஞ்சு

குருதிப் புற்றுநோய் என்றதும் விதி முடிந்தது என எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். வயதுவந்தோரைத் தாக்கும் தீவிர குருதிப் புற்றுநோய் கொடியதே. ஆயினும் அதனை எதிர்க்கும் முறையில் நிகழ்ந்துள்ள ஒரு மாற்றத்தை வாசகர்கள் அறிதல் நன்று.

என்பு மச்சையில் முதிரா வெண்குருதிக் கலங்கள் கட்டின்றிப் பெருகி, நல்ல கலங்களுக்கு இடமின்றிச் செய்வதே இந்நோய். வழமையான மருந்துகள் களையோடு பயிரையும் அழிப்பன. நோயை மட்டும் நாடிச் செல்லும் மருந்து வேண்டுமென 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனவு கண்டார் ஜேர்மானிய அறிஞர் போல் ஏர்லிக்.

அக்கனவின் ஒரு வடிவமே பிறபொருளெதிரியும் நஞ்சும் பிணைந்த மருந்து. பிறபொருளெதிரியே தபாற்காரர், நஞ்சு அவர் சுமக்கும் பொதி, கலத்தின் மேற்பரப்பிலுள்ள புரதம் வீட்டிலக்கம். பொதி கலத்தினுள் சென்றதும் பிணைப்பு அறுகிறது. நஞ்சு மரபுப்பொருளின் இழைகளை வெட்ட, கலம் மடிகிறது. கலிக்கியாமைசின் என்னும் அந்நஞ்சு, மண்வாழ் பற்றீரியா ஒன்று ஈந்தது என்பது வியப்பன்றோ!

இவ்வகையின் முதல் மருந்தான ஜெம்துசுமாப் 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயனை விடத் தீங்கே மிகுமென்ற ஐயத்தால் 2010இல் மீளப்பெறப்பட்டது. ஆய்வாளர் அதனைக் கைவிட்டாரல்லர். அளவைக் குறைத்துப் பகுத்துக் கொடுத்தனர். 2017இல் அது மீண்டது. அவ்வாண்டிலேயே நிணநீர்க் கலவகை நோய்க்கு இனோதுசுமாப் வந்தது. 2016இல் வெளியான ஒப்பாய்வில், நோய் மீண்டவர்களுள்ளும் முன்னைய மருந்துக்கு வசப்படாதவர்களுள்ளும் இதனைப் பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 81 பேருக்கு நோய் முற்றாகத் தணிந்தது. வழமையான மருந்துகளில் அது 29 பேருக்கே.

எனினும் தணிவு வேறு, குணம் வேறு. ஈரலின் நுண்நாளங்கள் அடைபடும் ஆபத்தும் உண்டு. தபாற்காரர் சில வேளை நல்லவர் வீட்டுக் கதவையும் தட்டிவிடுகிறார்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள்கள் நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. தென்முனையிலிருந்து வடமுனைக்கு நடந்தோர் நமக்காக நடந்தனர். நாம் நம் வீட்டிலிருந்து வைத்தியரிடம் நடக்கத் தயங்கலாமா? தணியாத காய்ச்சல், காரணமின்றி வெளிறிய முகம், முரசிற் கசியும் குருதி, அடிபடாமலே தோன்றும் கன்றல் ஆகியவற்றைக் கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தற்க. முதற் படி ஓர் எளிய குருதிப் பரிசோதனையே. எத்துணைச் சிறந்த மருந்தாயினும், காலம் கடந்து வந்தவருக்கு அது முழுப்பயன் தருவதில்லை.