சம்பளச் சீட்டும் கைத்தொலைபேசியோடு தொலைய வேண்டுமா?



ஒரு காலத்தில் தோட்டப் பாட்டாளியின் வாழ்க்கை முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை எல்லாம் அதற்குள்தான். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அந்தப் பெட்டியைத் தொலைத்தவர்கள் பட்ட பாட்டை நெகிரி செம்பிலான் மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று லாபு, ரந்தாவ், சிலியாவ், பஹாவ் வட்டாரங்களில் அந்தப் பெட்டியின் வேலையை ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி செய்கிறது. சம்பளச் சீட்டைப் படம் பிடித்து வைக்கிறோம். நிர்வாகத்தின் அறிவிப்பு வாட்ஸ்ஆப்பில் வருகிறது. அந்தத் தொலைபேசி கால்வாயில் விழுந்தால் என்ன செய்வோம்?

இது சின்ன விஷயமல்ல. 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகளின்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். எத்தனை ஆண்டு உழைத்தோம் என்பதைக் காட்ட முடியாவிட்டால் நட்டம் நமக்குத்தான். அநியாயமாக வேலைநீக்கம் செய்யப்பட்டால் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி முறையிட 60 நாள் மட்டுமே உண்டு. ஆதாரம் தேடி அலைய அது போதுமா?

ஆகவே, செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குப் போய் பேக்கப்பைத் திறந்து விடுங்கள். தொடர்பு எண்களும் குறுஞ்செய்திகளும் அதில் சேரும். படங்களுக்கு கூகுள் போட்டோஸில் தனியாகத் திறக்க வேண்டும்; வாட்ஸ்ஆப் படங்கள் இருக்கும் கோப்புறையையும் அங்கே தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்ஆப் உரையாடல்களுக்கு அதன் செட்டிங்ஸிலேயே பேக்கப் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிகாபைட்; காலை வணக்கப் படங்களால் அதை நிரப்பாதீர்கள்.

சேமிப்பது பாதி வேலைதான். மீட்கும்போது அதே கூகுள் கணக்கு வேண்டும். வாட்ஸ்ஆப்புக்கு அதே தொலைபேசி எண்ணும் வேண்டும். நம்மில் பலருக்குக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் கைத்தொலைபேசிக் கடைக்காரர். கடவுச்சொல் நமக்குத் தெரியாது. பூட்டு நம் வீட்டில், சாவி கடையில்! இன்றே அதை மாற்றி, நோட்டில் எழுதி, வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பழைய தொலைபேசியை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டுவிட்டால் அதன் பேக்கப் அழிந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். பிள்ளையின் தொலைபேசியில் உங்கள் கணக்கைத் திறந்து, சம்பளச் சீட்டின் படம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மறக்காமல் வெளியேறிவிடுங்கள்.

படம் இருக்கிறதே என்று மூலப் பத்திரத்தை வீசிவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

இளைஞர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தில் ஒரு பெரியவருக்காவது இதைச் செய்து கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை. உரிமை கேட்டுப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது!